ஆவாரம் புதரை விட்டுவையுங்கள்

மரம் நடுகிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சை எடுத்தாலே, "ஏனுங்க, மரம் வெக்கறது தப்புங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். தப்பே இல்லை. ஆனால் மரம் வைப்பதற்காக எங்கள் ஊர்ப் பள்ளத்துப் புறம்போக்கில் (ஓடையைத்தான் பள்ளம் என்போம்) ஒருநாள் காலையில் பொக்லைன் இறங்கி, மத்தியானத்துக்குள் கரை நெடுக இருந்த ஆவாரஞ்செடிகளை வேரோடு வாரிக் குவித்துவிட்டுப் போனதே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலையைச் செய்தவர்கள் நல்லவர்கள். சொந்தக் காசு போட்டவர்கள். சீமைக்கருவேலத்தை ஒழிப்பதாகத்தான் ஆரம்பித்தார்கள். 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த முள்மரத்தை அகற்றச் சொன்னதிலிருந்து ஊருக்கு ஊர் இந்த வேலை நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் பொக்லைனில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு முள்ளும் ஒன்றுதான், ஆவாரையும் ஒன்றுதான். தரையோடு தரையாகச் சுத்தம் செய்து கொடுத்தால் அவர் வேலை முடிந்தது.

அப்புறம் குழி வெட்டினார்கள். புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், மகிழம் எல்லாம் வந்தன. பச்சை வலைக் கூண்டு கட்டி, டேங்கரில் தண்ணீர் விட்டார்கள். பங்குனி வெயிலில் நாவலும் மகிழமும் கருகிப் போயின. வேம்பும் புங்கனும் நின்றுவிட்டன. அவை நிற்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல், யாரும் வைக்காமல், காலங்காலமாக அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டிருந்த செடியை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பசுமை கொண்டுவருகிறோம் என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கும் மேட்டாங்காட்டுப் பூமி. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மண் செஞ்சரளை, கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக் கல். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாகக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் காடுகள் உண்டானது இந்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடிதான். அந்த வேலியோரங்களிலும் இட்டேரி என்னும் வண்டிப்பாதைகளிலும் பள்ளத்துக் கரைகளிலும் ஆவாரை இருந்தது. இருந்தது என்று எழுதக் கை வரவில்லை. இன்னும் இருக்கிறது; முன்னைப் போல இல்லை.

பூ இல்லாத காலத்திலும் ஆவாரையை அடையாளம் காண்பது எளிது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் தண்டை அணைத்தபடி காது மடல் வடிவில் இரண்டு அகன்ற செதில் இலைகள் இருக்கும். காம்பின் இருபுறமும் எட்டிலிருந்து பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள். ஆள் உயரத்துக்கு வளரும். ஆளே போகாத இடமென்றால் அதையும் தாண்டும். காய் தட்டையாக, காகிதம் போல, காய்ந்ததும் பழுப்பு நிறமாகிக் காற்றுக்குச் சலசலக்கும். உள்ளே இருக்கும் விதையின் தோல் அவ்வளவு கெட்டி. சாதாரணமாக ஊற வைத்தால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். வெயிலில் வெந்து, சரளையில் உரசி, மழையில் நனைந்து, அந்தத் தோல் எங்கேயாவது விரிசல் விட்டால்தான் தண்ணீர் உள்ளே போகும். எல்லா விதைக்கும் ஒரே மழையில் அப்படி வாய்க்காது. அதனால் ஒரே காயில் வந்த விதைகள் வெவ்வேறு ஆண்டுகளில் முளைக்கும். மழை பொய்க்கிற பூமிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு என்ன இருக்கிறது?

முளைத்ததும் முதல் வேலையாக ஆணிவேரைக் கீழே இறக்கும். தரைக்கு மேலே இரண்டு விரற்கடை தெரிகிறபோதே வேர் அதைப் போலப் பல மடங்கு போயிருக்கும். பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காததற்கு இதுதான் காரணம். அவரைக் குடும்பத்துச் செடிதான், ஆனால் தட்டை, கொள்ளு, கொளிஞ்சிக்கு இருப்பது போல வேரில் முண்டு கிடையாது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் வேலையை இது செய்வதில்லை. இருந்தும் கொளிஞ்சி, எருக்கோடு சேர்த்து இதன் தழையையும் வயலில் போட்டு மிதித்திருக்கிறார்கள். களர் நிலத்துக்கு நல்லது என்பார்கள். வேறெந்தச் செடியும் தயங்குகிற சரளையிலிருந்து சத்தை எடுத்து இலையில் சேர்த்துக் கொடுக்கிறதே, அது போதாதா?

எங்கள் பக்கத்து ஆடுகள் இதில் ஆசையாக வாய் வைத்து நான் பார்த்ததில்லை. வேறு தீனி இருக்கும்வரை தாண்டிப் போய்விடும். மேய்ச்சல் காட்டு ஓரத்தில் ஒரு செடி தழைத்து நிற்பதற்கு அந்த ஒரு குணமே பாதி பலம்.

பட்டைக்கு அறுத்த காலம்

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஆவாரம்பட்டை உரித்து விற்றவர். அவர் சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தெரியும். மழை நின்று செடியில் சாறு ஏறியிருக்கும்போது தரையிலிருந்து அரையடி விட்டு அரிவாளால் அறுப்பார்கள். குச்சிகளைத் தடியால் தட்டினால் பட்டை நெகிழ்ந்து நாராகக் கழன்று வரும். காயவைத்துக் கட்டுக்கட்டாக வண்டியேற்றினால் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போய்விடும். பட்டையில் சுமார் 18 சதவீதம் தோலைப் பதனிடும் டானின். ஆட்டுத்தோல், மாட்டுத்தோலைப் பதனிட இந்தப் பக்கத்தில் அதற்கு நிகராக எதுவும் இல்லை. ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்து போகும் என்பதால் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை போட்டு எடுப்பார்கள். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து லண்டன் ஏலத்துக்குப் போன பதனிட்ட தோலில் பெரும்பங்குக்கு அடிப்படை இந்தப் பள்ளத்தோரச் செடிதான். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. அதற்குப் பின் குரோமியம் வந்தது. பட்டைக்கு ஆள் கேட்பது நின்றுபோனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவ்வளவு அறுத்தும் ஆவாரை அழியவில்லை. அரையடி விட்டு அறுத்த கட்டையிலிருந்து அடுத்த மழைக்கே ஏழெட்டுக் கிளை நேராகக் கிளம்பிவிடும். அந்தக் கிளைகளில் பட்டை இன்னும் சுலபமாக உரியும். "கட்டையில கத்தி படோணும், வேருல படப்படாது" என்பார் அப்புச்சி. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூக் கொத்தைச் சேர்க்கிறோமே, அதற்காக ஒவ்வொரு தையிலும் கொத்துக்கொத்தாக ஒடிக்கிறார்கள். திருப்பூர், கோவைச் சந்தைகளில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அதனாலும் செடிக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. ஒடிப்பதை அது தாங்கும், அறுப்பதைத் தாங்கும், ஏழு மாத வெயிலைத் தாங்கும். தோண்டி எடுப்பது ஒன்றைத்தான் தாங்காது. பொக்லைன் வருவதற்கு முன்பு அதை அப்படித் தோண்ட யாருக்கும் தேவையும் இல்லை, பொறுமையும் இல்லை.

இப்போது பூவுக்குப் புதிதாக ஒரு சந்தை வந்திருக்கிறது. காயவைத்த ஆவாரம்பூ, பொடி, தேநீர் என்று பாக்கெட்டில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பாக்கெட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள். இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இதே பூவை ரணவரா என்று காய்ச்சிக் குடிக்கிறார்கள். நானும் குடிக்கிறேன், வாசமும் துவர்ப்பும் பிடிக்கும். ஆனால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பியிருக்கும் உறவுக்காரர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் சொல்வது, பூ பூவாக இருக்கட்டும், மாத்திரை மாத்திரையாக இருக்கட்டும் என்பதுதான். செடி நமக்கு மருந்து தருகிறது என்பதற்காக மட்டுமே அதைக் காப்பாற்ற வேண்டும் என்றால், நாளைக்கு அந்த மருந்து வேண்டாம் என்றாகும்போது செடியும் வேண்டாம் என்றாகிவிடும். பட்டைக்கு நடந்தது அதுதானே.

கருவண்டு வந்த காலை

இவ்வளவும் எனக்கு முன்பே ஓரளவு தெரியும். தெரிந்தும், பொக்லைன் வந்தபோது எழுந்து போய் நிறுத்துங்கள் என்று சொல்ல வாயில் ஒரு வலுவான காரணம் இல்லாமல் இருந்தது. எங்க ஊர் அடையாளம், பொங்கல் காப்பு, சங்கப் பாட்டில் காதலுக்காகப் பனைமடல் குதிரை ஏறுகிறவன் கழுத்தில் இருக்கும் மாலை என்றெல்லாம் சொன்னால் கேட்கிறவர் தலையாட்டுவார், வண்டியை நிறுத்த மாட்டார். காரணம் கிடைத்தது அதன் பிறகு, மார்கழியில், பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் கத்தரிக்காட்டில்.

கத்தரிக்காட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அண்ணனுடைய வேலி. அந்த வேலி அவருடையது என்பதால் பொக்லைன் ஓடிய பக்கத்தில் அங்கே மட்டும் ஆவாரை பிழைத்திருந்தது. காலை வெயில் ஏறும் நேரம், மஞ்சளாகப் பூத்து நின்றது. கட்டைவிரல் பருமனில் கருவண்டுகள் வந்து போய்க்கொண்டிருந்தன. காய்ந்த மூங்கிலிலும் பட்ட கட்டையிலும் ஓட்டை போட்டுக் குடியிருக்குமே, அந்தக் கருவண்டு. ஒரு வண்டு பூவில் உட்கார்ந்ததும் அதன் சத்தம் மாறியது. பறக்கும்போது வருவது தடித்த ரீங்காரம். பூவைக் கட்டிப் பிடித்த பிறகு சிறகு அசையாமல் இருக்கிறது, ஆனால் கூர்மையாக, விட்டு விட்டு, வேறொரு சத்தம். இரண்டு மூன்று முறை அப்படிக் கேட்டது, பிறகு அடுத்த பூ. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். அங்கிருந்து திரும்பி இந்தப் பக்கம் பார்த்தால், அதே வண்டுகள் கத்தரிப் பூவில். அதே கூர்மையான சத்தம்.

ஒரு ஆவாரம்பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து மஞ்சள் இதழ், விளிம்பில் லேசான நெளிவு, மெல்லிய நரம்பு ஓட்டம். நடுவே பத்து மகரந்தக் கேசரங்கள், எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மேலே இருக்கும் மூன்று வளராமல் சிறுத்துப் போனவை, மகரந்தம் இல்லாதவை. நடுவில் நான்கு குட்டையானவை. கீழே மூன்று நீளமாக, வளைந்து, முன்னே நீட்டிக்கொண்டிருந்தன. மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்தண்டும் வளைந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அடுத்த பூவைப் பறித்தால் அதில் சூல்தண்டு மறுபக்கம். ஒரே செடியில் இடக்கைப் பூவும் வலக்கைப் பூவும்.

பூவில் தேன் இல்லை, சொட்டுக்கூட. வண்டுக்குக் கூலி மகரந்தம்தான். அந்த மகரந்தமும் மற்ற பூக்களைப் போலப் பையைப் பிளந்துகொண்டு வெளியே கிடப்பதில்லை. பையின் நுனியில் ஊசித் துளை இருக்கிறது. மிளகுப்பொடிக் குப்பியைக் குலுக்குவது போலக் குலுக்கினால்தான் அந்தத் துளை வழியே கொட்டும். வண்டு குட்டைக் கேசரங்களைக் கவ்விக்கொண்டு, சிறகை மடக்கி, நெஞ்சுத் தசையை மட்டும் நடுக்குகிறது. அப்போது கேட்கும் கூர்மையான சத்தம் அதுதான். குட்டைக் கேசரத்திலிருந்து கொட்டுவது அதன் சாப்பாட்டுக்கு. அதே நடுக்கத்தில் நீளக் கேசரங்களிலிருந்து தெறிப்பது, அது துடைத்தெடுக்க எட்டாத இடமாகப் பார்த்து உடம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில், சூல்தண்டு சரியாக அந்தப் பக்கமாக வளைந்திருந்தால், ஒட்டிய மகரந்தம் அங்கே சேர்ந்துவிடும். இடக்கையும் வலக்கையும் எதற்கு என்பது அப்போது விளங்கியது.

வீட்டுக்கு ஒரு கிளையைக் கொண்டுவந்து, பாப்பாவோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தோம். அவளுடைய கறுப்புத் துப்பட்டாவை விரித்து, பேட்டரியில் ஓடும் பல் பிரஷ்ஷின் பின்பக்கத்தைப் பூவின் கேசரத்தில் தொட்டுப் பிடித்தோம். முதலில் விரலால் தட்டியபோது ஒன்றும் வரவில்லை. பிரஷ்ஷை ஓட்டியதும் துப்பட்டாவின் மேல் மஞ்சள் தூள் புகையாக இறங்கியது. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இன்னொரு பூ" என்றாள். கிளையில் பூ தீரும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

தேனீக்கு இப்படி நடுக்கத் தெரியாது. பெட்டியில் வளர்க்கிற தேனீயும் சரி, பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீயும் சரி, ஆவாரம்பூவுக்கு வந்தால் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டுதான் போகும். கருவண்டு, உடம்பில் நீலப் பட்டை போட்ட சிறு காட்டுத்தேனீ போன்ற சிலவற்றுக்குத்தான் இந்த வித்தை தெரியும். கத்தரிக்கும் இதே அமைப்புத்தான், தக்காளிக்கும் கிட்டத்தட்ட இதேதான். மகரந்தம் நுனி வழியாகத்தான் கொட்டுகிறது. இரண்டும் காற்றுக்கு ஆடியே ஓரளவு காய் பிடித்துவிடும். ஆனால் வண்டு வந்து உதறிப் போன பூவில் காய் கூடுதலாகப் பிடிக்கும், பருமனாகவும் வரும். கத்தரி பூப்பது சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் அந்த வண்டு எதைத் தின்று உயிரோடு இருக்கும்? ஆவாரை ஆண்டின் பெரும்பகுதி ஏதாவது ஒரு கிளையிலாவது பூ வைத்திருக்கிறது, மழைக்குப் பின் அள்ளிக் கொட்டுகிறது. வண்டு குடியிருக்கப் பட்ட கட்டையும் காய்ந்த மூங்கிலும் அதே புறம்போக்கில்தான் கிடக்கும். கரையைச் சுத்தம் செய்தபோது அந்தக் கட்டைகளையும் சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதான் வேலியோர வரிசையில மட்டும் காய் செழிப்பாப் புடிக்குதா? நான் எரு அதிகம் உழுந்திருச்சுன்னு நெனச்சேன்" என்றார். வேலியோரத்தில் எருவும் கூடுதலாக விழுந்திருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வேலியில் அவர் கத்தி வைக்கவில்லை.

இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். இளம்பச்சை கலந்த வெள்ளை நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று கொழுந்துக்குக் கொழுந்து தொட்டுத் தொட்டு முட்டை வைத்துப் போனது. சில நாள் கழித்துப் பச்சைப் புழுக்கள் இலையை ஓரத்திலிருந்து அறுத்துத் தின்றுகொண்டிருந்தன. சில செடிகளில் ஈர்க்கு மட்டும் மிச்சம். பார்க்கிறவர்கள் மருந்தடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். ஆவாரை அதையும் தாங்கித் துளிர்த்துவிடும். கொன்றை, ஆவாரை இனங்களின் இலை கிடைத்தால்தான் அந்தப் பூச்சிக்கு வம்சம். மழைக்காலத்தில் அவை கூட்டங்கூட்டமாகச் சாலையைக் கடந்து பறப்பதைப் படம் பிடித்து ரசிக்கிறோம். அவை புழுவாக இருந்தபோது தின்ற செடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மஞ்சள் பூவெல்லாம் ஆவாரை இல்லை

ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளில் மஞ்சள் பூப் பூத்து, காட்டையே மூடி, வேறு எதையும் முளைக்க விடாமல் பரவிய மரம் ஒன்றை வேரோடு அகற்றுகிறார்களே, அதுவும் ஆவாரை சேர்ந்த சென்னா இனம்தான், ஆனால் தென், மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. அதை அகற்றத்தான் வேண்டும். ஆவாரை இந்த மண்ணுக்கே உரியது. தகரை, பொன்னாவாரை, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும் நிலாவாரை எல்லாம் இதன் சொந்தங்கள். பூவின் நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றின் கணக்கை இன்னொன்றின் தலையில் எழுதக் கூடாது. தெலங்கானாவில் தங்கேடு என்று இதைத்தான் மாநில மலராக வைத்திருக்கிறார்கள். பதுகம்மா பண்டிகையில் பூவை அடுக்கடுக்காக அடுக்கிக் கும்பிடுகிறார்கள். நமக்குச் செங்காந்தள் இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அங்கே ஒரு பண்டிகையே தாங்குகிற செடி, இங்கே எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல், யாரும் கணக்குக் கேட்காத இடத்தில் நிற்கிறது.

நடுகிற மரத்துக்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை குழி, எத்தனை கன்று, எத்தனை கூண்டு என்று பலகை வைக்கிறோம். அகற்றியதற்குக் கணக்கே கிடையாது. சரளைக் கரையில் தானாக வந்து நிற்கும் ஆவாரையும் சூரையும் சங்கஞ்செடியும் சேர்ந்த அந்தப் புதர்தான் இந்தப் பூமியின் காடு. அதற்கு நிழல் போதாது, உயரம் போதாது, படத்தில் காடாகத் தெரியாது. ஆனால் கௌதாரி முட்டை வைப்பது அதனடியில். கீரி ஒளிவது அதில். ஐப்பசி வெள்ளத்தில் கரை கரையாமல் இருந்தது அந்த ஆணிவேரால். போன மழைக்குக் கரை இரண்டு இடத்தில் அரித்துப் போனதை ஊரே பார்த்தது.

கிராம சபையில் இதைப் பேசினேன். எழுந்தபோது பலருக்கும் சலிப்புதான். கத்தரி, தக்காளி போடுகிறவர்கள் மட்டும் வண்டுப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மரம் நட்ட நண்பர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், முள்ளை மட்டும் ஆள் வைத்து வெட்டினால் செலவு இயந்திரத்தைவிடப் பல மடங்கு ஆகும் என்றார். அது உண்மை, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: இனிமேல் வேலை தொடங்குவதற்கு முன்பு ஆவாரை நிற்கும் இடங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவது, கோட்டுக்கு உள்ளே இயந்திரம் போகாமல் முள்ளை மட்டும் ஆளை விட்டு வெட்டுவது. தெற்குக் கரை முழுவதும் கோட்டுக்குள் வருகிறது. வடக்குக் கரையைப் பற்றிப் பேச்சு இன்னும் முடியவில்லை.

வெட்டவெளியாகக் கிடக்கும் இடத்தில் விதைக்கவும் சம்மதம் கிடைத்தது. காய்ந்த நெற்றுகளை அண்ணன் வேலியிலிருந்தே பறித்து உடைத்து வைத்திருக்கிறோம். நீங்களும் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, விதையைப் போட்டு, ஆறும்வரை அப்படியே விட்டு, இரவு முழுக்க ஊறட்டும். கொஞ்சம் விதை என்றால் மணல்தாளில் லேசாக உரசினாலே போதும். உப்பி வந்ததை மட்டும் எடுத்து, புரட்டாசி முடிவதற்குள் நேராக இடத்திலேயே, விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். பையில் வளர்த்துப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் மடங்கிவிடும். குழி வேண்டாம், எரு வேண்டாம். உப்பாத விதையை வீசி எறிய வேண்டாம், அதையும் அதே இடத்தில் தூவிவிடுங்கள். அடுத்த ஆண்டு மழைக்கோ அதற்கடுத்த ஆண்டுக்கோ அது முளைக்கும்.